மேல்வீட்டு இடியும் என் ஹெட்போனும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் மேலாளராக இருந்தவரை, தொண்டை கிழியக் கத்தும் டெத் மெட்டல் பாட்டுகள்தான் என் உயிர். நாள் முழுக்க இரும்பு இடிபடும் சத்தம் கேட்ட காதுக்கு வேறெந்த இசையும் எட்டாது. ஓய்வு பெற்று நெமிலிச்சேரி ஃபிளாட்டுக்கு வந்த சில மாதங்களில் அது சலித்துவிட்டது. இங்கிருந்த அமைதியில் அந்தப் பாட்டெல்லாம் வெறும் கூச்சலாகக் கேட்டது. இத்தனை வருடக் காதல் முடிந்ததென்று ஹெட்போனைப் பரணில் போட்டேன்.

சென்ற வாரம் மேல்வீட்டில் டைல்ஸ் உடைக்கத் தொடங்கினார்கள்.

“இன்னாங்க, மண்ட இடிக்குது. அசோசியேஷனுக்கு கம்ப்ளைன்ட் எய்திக் குடுங்க. ரூல்ஸெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாச்சே!” என்றாள் மனைவி.

விதி எண்கூட நினைவிருந்தது. ஆனால் அந்த இடியில் என் பிரஸ் ஷாப் கேட்டது. ஹெட்போனை இறக்கி மாட்டினேன். முதல் டிரம் அடியிலேயே கண் கலங்கிவிட்டது.

“எய்தினீங்களா?”

“எழுதறேன்,” என்றேன்.

இன்றுவரை எழுதவில்லை. அவர்கள் சமையலறையையும் இடித்தால் தேவலை.