மலைக்காரிக்குக் கட்டிய நீலப் பட்டு

என் நாத்தனார் செவெல்மாவைப் பள்ளத்தாக்கில் பெயர் சொல்லி விசாரித்தால் நாலு பேர் யோசிப்பார்கள். 'பூனை மேய்க்கிறவ' என்று கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பனிச்சிறுத்தையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு நிலையம் எங்கள் மலையடிவாரத்தில் இரண்டு கூடாரம் போட்டபோது, முதலில் போய் வேலை கேட்டவள் அவள்தான். வேறு வழி இல்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பனி இறுகிப் புல்லை மூடிவிட்டது. அவளுடைய ஆடு, குதிரை எல்லாம் நின்ற இடத்திலேயே செத்தன. புருஷன் அதற்கும் முன்பே போய்விட்டான். பிள்ளை கிடையாது. ஆடு இல்லாதவளை எங்கள் பக்கத்தில் ஆளாகவே மதிக்க மாட்டார்கள், அப்படி ஒரு புத்தி எங்களுக்கு.

பாறை இடுக்குகளில் தானாகப் படம் பிடிக்கும் கேமராக்களை வைப்பது, பேட்டரி மாற்றுவது, சிறுத்தையின் எச்சத்தைத் தேடிப் பொறுக்கிப் பையில் போட்டு வருவது இவைதான் அவள் வேலை. அது என்ன தின்றது, குடலில் என்ன புழு இருக்கிறது என்றெல்லாம் அதை வைத்தே கண்டுபிடிப்பார்களாம். வழியில் பார்க்கிற ஆண்களுக்கு இது போதாதா?

"என்ன செவெல்மா, இன்னைக்கு எத்தனை பை பீ?"

"உன் வீட்டு வாசல்ல கிடக்கிறதை விடக் கம்மிதான் மாமா" என்று குதிரையை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போவாள். வாய் மட்டும் பஞ்சத்தில் அடிபடவில்லை.

அவள் கேமராக்களில் ஒரு பெண் சிறுத்தை அடிக்கடி வந்து நிற்கும். இடது காது கிழிந்தது. நிலையத்தில் அதற்கு ஏதோ எண் கொடுத்திருந்தார்கள். இவள் 'மலைக்காரி' என்றாள். டீ குடிக்க வந்தால் பேச்சு முழுக்க அதுதான். மலைக்காரி இன்று வெயில் காய்ந்தாள், மலைக்காரி வாலை வாயில் கவ்விக்கொண்டு தூங்கினாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சில சமயம் எனக்கு எரிச்சலாகக்கூட வரும்.

அந்த மலைக்காரிதான் எங்கள் பட்டிக்குள் இறங்கியது. காலையில் கதவைத் திறந்தால் வெள்ளாடுகள் குவியலாகக் கிடக்கின்றன. தின்றது ஒன்றை, கொன்றது கணக்கில்லை. அடைத்த இடத்தில் மிரண்டு ஓடுவதைப் பார்த்தால் அதற்கு வெறி பிடித்துவிடும். என் கணவர் கோம்போ ஒவ்வொரு ஆட்டையும் புரட்டிப் பார்த்தார். உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

செவெல்மா விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, பட்டிக்கு மேல கம்பி வலை போடலாம். நானே வந்து போட்டுத் தரேன்."

"போடு. நல்லாப் போடு. ஆனா மலையில அது என் கண்ணுல பட்டா விட மாட்டேன்."

"அது வயித்துக்குத்தானே வந்துச்சு?"

"என் வயித்துக்கு நான் எங்க போறது? நீ இந்த வீட்டுப் பொண்ணா, அந்தப் பூனை வீட்டுப் பொண்ணா? சொல்லிட்டுப் பேசு."

அவள் வலையை மட்டும் தனியாளாகக் கட்டி முடித்துவிட்டுப் போனாள். அவருக்கு மட்டும் கோபம் என்றால் சமாளித்திருக்கலாம். சுற்றி இருந்த அத்தனை பட்டிக்காரர்களும் துப்பாக்கியைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

வசந்தத்தில் நிலையத்து டாக்டர் உயங்கா நகரத்திலிருந்து வந்தாள். சின்னப் பெண். மலையில் எங்களைவிட வேகமாக ஏறுவாள், எங்கள் உப்பு டீயை முகம் சுளிக்காமல் குடிப்பாள். சிறுத்தையின் கழுத்தில் ஒரு பட்டை மாட்டினால், அது போகிற இடமெல்லாம் வானத்து வழியாக அவள் திரையில் புள்ளியாக விழும். எங்கே வேட்டையாடுகிறது, எந்த மலையை விட்டுவைத்தால் அது பிழைக்கும் என்று அதை வைத்து அரசாங்கத்திடம் பேசலாம் என்றாள். பாறையோரம் வைத்த சுருக்கில் மலைக்காரியின் கால் மாட்டியது. மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள்.

டாக்டர் பல்லை அளந்துகொண்டிருந்தபோது செவெல்மா மடியிலிருந்து ஒரு நீலப் பட்டுத் துண்டை எடுத்து, கழுத்துப் பட்டையின் அடியில் கோத்து முடிச்சுப் போட்டாள். புட்டியில் கொண்டுபோன பாலை அதன் நெற்றியில் தொட்டு வைத்தாள். அது படுத்திருந்ததால் பட்டு அடர்ந்த ரோமத்துக்குள் அமுங்கி அப்போது வெளியே தெரியவில்லை. டாக்டர் கவனிக்கவில்லை.

எங்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். குதிரையோ ஆடோ, நீலப் பட்டு கட்டி நேர்ந்துவிட்டால் அதை யாரும் விற்க மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், தன் சாவில் சாகும்வரை அது மலை ஆண்டவனுடையது. காட்டு மிருகத்துக்கு யாரும் கட்டியதில்லை. யாருக்கும் தோன்றியதில்லை.

கொஞ்ச நாளில் என் கணவர் குதிரையைத் தேடி மேலே போனார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, கரண்டியில் பாலை எடுத்து மலைப் பக்கம் தெளித்தார்.

"என்னாச்சு?"

"குறி வச்சுட்டேன். விரலை அழுத்துற நேரம். அது திரும்புச்சு. கழுத்துல நீலப் பட்டு ஆடுது." ஒரு வாய் டீ குடித்தார். "யாரோட வேலைன்னு எனக்குத் தெரியாதா? கழுத, என்னையே கட்டிப் போட்டுட்டா."

சேதி அன்றே பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. எதிர்க்கரை தாம்பா கிழவர் மட்டும் சண்டைக்கு வந்தார். "மலை ஆண்டவனோட பிராணியை நீ யாரு நேர்ந்துவிட?"

"அவரோடதுன்னா நீங்க யாரு சுட?" என்றாள் செவெல்மா.

கிழவர் முனகிக்கொண்டே போய்விட்டார். துப்பாக்கிகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. டாக்டரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அந்த நாட்களில் செவெல்மாவைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். ஆடு இல்லாதவள் நடக்கிற நடையா அது!

கோடை பிறந்ததும் நகரத்திலிருந்து டாக்டரின் போன் வந்தது. கத்திக்கொண்டே பேசினாள், எனக்கே கேட்டது. "அக்கா! புள்ளி எல்லாம் ஒரே இடத்துல விழுது. நகரவே மாட்டேங்குது. மலைக்காரி குட்டி போட எடம் புடிச்சுட்டா!"

"நான் போய்ப் பாக்கட்டுமா?"

"ஐயோ வேண்டாம். மனுஷ வாடை பட்டா குட்டியை விட்டுட்டு ஓடிரும். யாருமே அந்தப் பக்கம் போகக் கூடாது. கண்ணு கொஞ்சம் திறக்கட்டும், நானே வரேன்."

சில நாளில் புள்ளியும் நின்றுவிட்டது. குகைக்குள் ஆழமாகப் போயிருக்கும், பாறை மறைக்கும், வழக்கமானதுதான் என்றாள் டாக்டர். செவெல்மா வீடு வீடாகத் தயிர்க்கட்டியும் நெய் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தாள், பேத்தி பிறந்தவள் மாதிரி. என் கணவர் ஒருபடி மேலே போனார். புள்ளி விழுந்த அந்தச் சரிவின் அடியில் புல் நன்றாக இருந்தும், "பிள்ளை பெத்த எடத்துல ஆடு கத்தக் கூடாது" என்று சொல்லிக் கூடாரத்தைப் பிரித்து, மந்தையை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். அந்த மலையடியில் ஒரு மனிதன் இல்லை, ஒரு நாய் இல்லை.

இடையில் இரண்டு தடவை செவெல்மா குதிரைக்குச் சேணம் போட்டாள். "மனசு சரியில்ல அண்ணி. தூரத்துல நின்னு எட்டிப் பாத்துட்டு வரேன்." இரண்டு தடவையும் தானே அவிழ்த்துவிட்டாள். டாக்டர் சொல்லை அவள் மீறியதே இல்லை, அந்தப் பட்டு ஒன்றைத் தவிர.

டாக்டர் வந்ததும் மூன்று பேரும் போனோம். குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. வெகு நேரம் கழித்து டாக்டர் மட்டும் இறங்கி வந்து, கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் குதிரைகளைக் கட்டிவிட்டு ஏறினேன்.

அங்கே குகையே இல்லை. செங்குத்தான பாறையில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். கழுத்தில் கட்டிய பட்டின் முடிச்சு வெடிப்புக்குள் போய் இறுகிவிட்டது. நல்ல பட்டு, அறாது. மலைக்காரி பாதி தொங்கியபடி காய்ந்து கிடந்தது. பாறை முழுக்க நகத்தால் பிறாண்டிய கோடுகள். செவெல்மா அதன் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளதான் இருக்கு அண்ணி" என்றாள். "வெளிய வரவே இல்ல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் பழைய பட்டி அந்தச் சரிவுக்கு நேர் கீழே. இருந்திருந்தால் அது கத்தியது கேட்டிருக்கும்.

கீழே வந்ததும் டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏன் என்கிட்ட கேக்கல அக்கா?"

"கேட்டிருந்தா கூடாதுன்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா" என்றாள் டாக்டர். பிறகு, "போகாதீங்கன்னு சொன்னதும் நான்தானே" என்று செவெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மலைக்காரி செத்துவிட்டது என்பது மட்டும்தான் வெளியே தெரிந்தது. மறுநாள் என் கணவர், தாம்பா கிழவர், இன்னும் சில பேர் நல்ல அங்கி போட்டுக்கொண்டு செவெல்மா கூடாரத்துக்கு வந்தார்கள். நேர்ந்துவிட்ட பிராணி செத்தால் அந்த இனத்திலேயே இன்னொன்றுக்குப் பட்டு கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் மலைக்கு ஆகாது. என் கணவர் இரண்டு கையிலும் புதுப் பட்டை ஏந்தி நீட்டினார். இவ்வளவு பணிவாக அவர் எதையும் நீட்டி நான் பார்த்ததில்லை.

"வடக்குச் சரிவுல இன்னொன்னு திரியுதாமே. அடுத்து அதுக்குக் கட்டிரு. நாங்க எல்லாரும் சேந்து வாங்குனது."

செவெல்மா வாங்கவில்லை. எப்படிச் செத்தது என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். யாரும் டீயைத் தொடவில்லை. என் கணவரின் கை நீட்டியபடியே இருந்தது.

"அந்தப் பட்டு இல்லேன்னா நான் அன்னைக்கே சுட்டிருப்பேனே" என்றார், யாரிடமோ நியாயம் கேட்பது போல.

"சுட்டிருக்கலாம் அண்ணா" என்றாள். "ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள்.