இரண்டு தண்ணீருக்காகத் திருச்சுழிப் பக்கம்

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை, திருச்சுழிப் பக்கம் போனேன். ஊர் சுற்ற அல்ல. மாமா மகன் பாண்டி கூப்பிட்டிருந்தான். பூமிக்குள் மின்சாரம் செலுத்தி நீரோட்டம் தேடுவது என் வேலை. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து அவன் போட்ட இரண்டு ஆழ்துளைப் போரும் புழுதிதான் கக்கின. வாடத் தொடங்கிய மிளகாய்க்கு இன்னும் இரண்டு தண்ணீராவது, அதாவது இரண்டு முறை பாய்ச்சலாவது, கட்டியாக வேண்டும். மறுநாள் போர் வண்டி வருகிறது.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் திருச்சுழி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். டீ குடிக்கப் போனால் போனதுதான். நான் போனேன், முக்கால் மணி நேரம் வீண்.

தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். சுவரில் மூன்று திட்டுகள். தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரையும் இறக்கி வைப்பதற்காக வெட்டியவை. மேல் திட்டிலிருந்து குதித்துத்தான் நானும் பாண்டியும் பக்கத்துத் தோட்டத்து மாரியும் நீச்சல் பழகினோம். அப்போது தண்ணீர் அந்தத் திட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். காதுக்குள் போனது சாயங்காலம் வெதுவெதுப்பாக வழியும். அந்தச் சுகம் எந்த நீச்சல்குளத்திலும் கிடைத்ததில்லை. நடுத் திட்டு நான் காலேஜ் போன காலத்தது. கடைசித் திட்டை அன்றுதான் பார்த்தேன். அதற்குக் கீழே காய்ந்த பாறை.

மதியம் வரை கருவியை இழுத்துக்கொண்டு அலைந்ததில் ஒரே இடம்தான் தேறியது. மாரியின் வேலியோரம், அவன் போரிலிருந்து இருபதடி.

"அங்க போட்டா தண்ணி வரும். ஆனா மாரிக்குத் தண்ணி வர்ற அதே பாறை வெடிப்பு. அவன் மோட்டாரு காத்துதான் இழுக்கும்" என்றேன்.

"ஏலே, பூமிக்குள்ளயுமா வேலி போட்டிருக்கான்?" என்றான் பாண்டி.

அவன் மனைவி செல்வி விடவில்லை. "அவுக கிட்டதான் குடிதண்ணியே எடுக்கோம். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடத்தத் தூக்கிட்டுப் போக?"

மாரிக்கு நானே போன் போட்டேன். வந்தவன், இடத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"தாராளமாப் போடுலே. அடுத்த வருசம் நான் உன் போருக்கும் கீழ போறேன்."

"அதுக்கும் கீழ நான் போவேன்ல" என்றான் பாண்டி.

"போ, போ. போர் வண்டிக்காரன் மாடி வீடு கட்டட்டும். நாம ரெண்டு பேரும் அங்க வாட்ச்மேன் வேலை பாப்போம்."

பாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாரி சிரிக்கவில்லை. "ரெண்டு தண்ணிதான? எம் போர்லருந்து ஓசுக் குழாய் போட்டு இழுத்துக்க. அந்த எடத்துல போரு மட்டும் வேணாம்."

பாண்டி வாடிய மிளகாயை ஒரு தடவை பார்த்தான். பிறகு போனை எடுத்தான். "அண்ணே, வண்டி வர வேணாம்." செல்வியிடம், "அடுத்த வருசம் மொளகா இல்ல, மழைய நம்பிக் குதிரைவாலிதான், பாத்துக்க" என்றான்.

இதனால் நிலத்தடி நீர் ஏறிவிடும் என்று எழுத மாட்டேன். ஒரு துளை குறைந்தது, அவ்வளவுதான். போகிறவர்களுக்கு: தை, மாசியில் வெயில் தாங்கும். குடிதண்ணீர் கையோடு கொண்டு போங்கள். அங்கே யாரிடமும் கேட்காதீர்கள், தங்களுக்கு இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுவார்கள். போர் போட இடம் பார்ப்பவர்கள் பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

சாயங்காலம் வரப்பில் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாரி மோட்டாரைப் போட்டான். முதலில் வெறும் காற்றுதான் உறுமியது. பிறகு தண்ணீர் வந்தது. முதல் பாத்தி நிறைந்ததும், செல்வி மண்வெட்டியால் அடுத்த பாத்திக்கு மடை திறந்தாள்.