கை கழுவுகிற பெட்டி

நான் வேலை செய்கிற துறைமுக டெர்மினலில், தீப்பிடிக்கிற சரக்கு, ஆசிட், விஷ மருந்து ஏற்றிய கண்டெய்னர்களுக்கு இருந்த இடம் போதவில்லை. பக்கத்தில் சும்மா கிடந்த உப்பு நிலத்தையும் சேர்த்து யார்டைப் பெரிதாக்கினார்கள். சிமெண்ட் தளம், சுற்றிக் கால்வாய், கம்பி வேலி, நுரை அடிக்கிற குழாய். பெருக்கிக் கூட்டுகிற பெண்களில் சிலரை அங்கே மாற்றினார்கள். நானும் ஒருத்தி.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று வேன் ஏறிய பிறகு நினைப்பு வந்து, வீட்டுக்காரருக்கு போன் போடுகிற ஆள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்தப் பெட்டிகளில் எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ். எதன் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் நாள் முழுக்கத் துடைப்பம் பிடிப்பது போலக் களைப்பு வேறில்லை.

வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற இடத்தில் வேலை. "நான் உலைகிட்ட நிக்கலியா? எல்லா வேலையிலயும் ஒரு பயம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார். எனக்குத் தூக்கம் வராது. சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"சார், என்னைப் பழைய யார்டுக்கே அனுப்பிடுங்க சார்."

"மாசம் முடியட்டும்மா, பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

ஒருநாள் காலை அவரே எங்களை நிழலில் உட்காரவைத்து, பெட்டிகளில் ஒட்டுகிற ஸ்டிக்கர்களைக் காட்டினார். ஒன்றில் நெருப்பு, ஒன்றில் மண்டை ஓடு. அடுத்ததில் ஒரு கை. அதன்மேல் மேலிருந்து சொட்டுச் சொட்டாக என்னவோ விழுகிறது.

"இது இன்னா சொல்லுது?"

வேனில் என் பக்கத்தில் உட்காருகிற அக்கா ஒருத்தி உண்டு, பழவேற்காட்டுப் பக்கத்து மீன்காரக் குடும்பம். அவள்தான் முந்தினாள். "துன்றதுக்கு முன்னாடி கை கழுவணும் சார்."

"யக்கா, அது ஆசிட்டு. மேல பட்டா கையே இருக்காது" என்றார் சூப்பர்வைசர்.

"அப்போ அந்தக் கையக் கழுவிட வேண்டியதுதான்னு சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். அன்றிலிருந்து ஆசிட் கண்டெய்னருக்கு யார்டில் 'கை கழுவுற பொட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. கிரேன் ஓட்டுகிறவர்கள் வாக்கி டாக்கியிலேயே அப்படித்தான் பேசினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிரித்துச் சிரித்து ஆசிட் என்கிற வார்த்தையே மறந்துபோகுமோ என்று இருந்தது.

மாசக் கடைசியில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். படங்களைக் காட்டியபோது அவள் இல்லை. மழை விட்ட ஒரு காலையில் சூப்பர்வைசர் அவளிடம், "அந்தக் கை கழுவுற பொட்டிகிட்ட பெருக்கிட்டு நாஷ்டாவுக்குப் போ" என்றார். நான் அடுத்த வரிசையில் இருந்தேன். எட்டிப் பார்த்தால், பெருக்கி முடித்தவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் குந்துகிறாள். அந்தப் பெட்டி லேசாக ஒழுகுகிறதென்று அடியில் ஒரு பெரிய தட்டு வைத்திருந்தார்கள். அதில் தெளிவாகத் தண்ணீர் போல நின்றது.

"ஏய்! கை வைக்காத! ஆசிட்டு!"

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. ஓடிப்போய் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாந்து விழுந்தோம்.

"இன்னாக்கா நீ! கை கழுவுற பொட்டின்னு சார்தான் சொன்னாரு. படங்கூடப் போட்டுக்குதே!"

சூப்பர்வைசர் வந்து, ஆசிட் பட்டால் நிறம் மாறுகிற காகிதத் துண்டு ஒன்றைத் தட்டில் நனைத்தார். சிவந்துபோயிற்று. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே எவனாச்சும் அந்தப் பேரச் சொன்னீங்க, கேட்டுக்கு வெளியதான்" என்று கத்தினார். முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டார் என்று தோன்றியது.

சாயந்தரம் அவரிடம் போனேன். "சார், மாசம் முடிஞ்சிடுச்சு. பழைய யார்டு..."

"உன்ன எப்படிம்மா அனுப்புறது?" என்றார். குரலில் கோபம் இல்லை, மரியாதைதான். அதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. "மத்தவங்களுக்கெல்லாம் பயம் வுட்டுப் போச்சு. பயப்படற ஆளு ஒருத்தராச்சும் இங்க வேணும்."

வேனில் அக்கா சிரித்தாள். "நல்லா கத்துன போ. இனிமே நீ இங்கயேதான்."

"பின்ன கத்தாம பாத்துக்கினா இருப்பாங்க?"

"அதான் உன் பேஜாரு" என்று தலையைச் சாய்த்துக்கொண்டாள். பொன்னேரியில் இறங்கிப் போனாள்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி மழை பெய்தால் அந்தத் தட்டு நிரம்பி வழியுமா? வழிந்தால் கால்வாயில் விழும். கால்வாய் எங்கே போய்ச் சேரும்? காலையில் அதை யாரிடம் கேட்பது?

"யம்மா, ஆரம்பாக்கம் வந்து எவ்ளோ நேரமாச்சு. எறங்குறியா இல்லியா?" என்றார் டிரைவர்.