பை பிடிக்க ஒரு ஆள்: ராஜபாளையத்திலிருந்து ஒரு தீம் பார்க் பயணம்

போன வாரம் மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். லீவுக்கு எல்லாரும் சேர்ந்து அங்கே ஒரு தீம் பார்க் போகலாம் என்று யோசனையாம். இணையத்தில் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னான். மொத்தக் குடும்பத்துக்கா என்று கேட்டேன். ஒரு ஆளுக்கு என்றான். நான் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன், இருந்தாலும் இன்னொரு தடவை உட்கார வேண்டும் போல இருந்தது. அவன் ஒரு ஆளுக்குச் சொன்ன தொகையில் தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஏழு பேர் வேன் பிடித்துப் போய் விளையாடிவிட்டு வீடு திரும்பியிருக்கிறோம். அன்றைக்கும் "இப்படியா கொள்ளையடிப்பான்" என்று வயிறெரிந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தோடு இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் அந்தப் பயணத்தை எழுதுகிறேன். விலை எல்லாம் காலாவதியாகிவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்பது என் கருத்து.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பிட்டர். மதுரைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தீம் பார்க் திறந்திருந்தார்கள். மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் முந்தின வருஷமே போய்வந்து, பெரியவர்களுக்கு அறுபது, சிறுவர்களுக்கு நாற்பது என்று சொல்லியிருந்தார். வீட்டில் இதைச் சொன்ன அன்றே என் மனைவி மல்லிகா ஒரு நிபந்தனை போட்டாள்.

"வாரேன். ஆனா இந்தத் தடவ நான் பை பிடிக்க மாட்டேன். ராட்டினத்துல ஏறுவேன்."

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. மல்லிகா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊரில் பெரிய ராட்டினம் போடுவார்கள். வருஷா வருஷம் அவள் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு போவார், தன் செருப்பையும் பையையும் அவள் கையில் கொடுப்பார், "பொட்டப் பிள்ள ஏறினா தல சுத்தும்" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் ஏறிச் சுற்றுவார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை நான் தொடர்ந்து கொடுத்தேன். குற்றாலத்தில் துணிப்பை, சித்திரைப் பொருட்காட்சியில் தண்ணீர் கேன், எங்கே போனாலும் நாங்கள் ஏறுவோம், அவள் கீழே நின்று கையாட்டுவாள். முப்பத்திரண்டு வயது வரை அவள் தரையை விட்டு மேலே போனது எங்கள் வீட்டு மாடிப்படியில்தான்.

வேன் வாடகை கிலோமீட்டருக்கு நாலு ரூபாய், டிரைவர் பேட்டா ஐம்பது. ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் பக்கத்தில் வேன் பிடித்தால் பாதியை ஏற்க இன்னொரு குடும்பத்தைச் சேர்ப்பதுதான் வழக்கம். சேர்ந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அண்ணன். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அவரை மிலிட்டரி என்றுதான் கூப்பிடும். மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று அவர் மனைவி வரவில்லை. தன் இரண்டு பையன்களோடு அவர் மட்டும் வந்தார்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் நான், மல்லிகா, எட்டு வயது மகள் தேன்மொழி, ஐந்து வயது மகன் பாபு ஆகிய நாலு பேரும் ஒரு மாற்றுத்துணிப் பையோடு வேனில் ஏறினோம். ஓட்டியவர் காஜா பாய், தெரிந்தவர். பதினோரு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே மச்சான் தன் பையன்களை உயரவாரியாக ரோட்டில் நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை, இரண்டு கிலோ பால்கோவா, பெரிய பை இரண்டு. ஒரு பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டில் எட்டிப் பார்த்தது.

"எண்ணெய் எதுக்கு மச்சான்?" என்றேன்.

"நோட்டீஸ பாக்கலியா மாப்ளே? அருவின்னு போட்டிருக்கான். குத்தாலத்துல எண்ணெய் தேச்சு விடுதவனுக்குக் குடுக்கிற காசு மிச்சம்லா?"

நோட்டீஸில் 'செயற்கை அருவி' என்றுதான் போட்டிருந்தது. மச்சான் முதல் வார்த்தையைத் தள்ளிவிட்டுப் படித்திருக்கிறார். எங்கள் ஊர்க்காரனுக்கு அருவி என்றால் எண்ணெயும் சீயக்காயும் கூடவே வந்துவிடும். அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் நிறுத்தி டீ குடித்தோம். ஒரு டீ ஒன்றரை ரூபாய். கல்லூரிப் பஸ்கள் இல்லாத ஞாயிறு என்பதால் ரோடு காலியாக இருந்தது. கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரையைச் சுற்றிக்கொண்டு போகும்போது மணி எட்டே முக்கால். பார்க்குக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு புளியமரத்தைப் பார்த்ததும் மச்சான் வண்டியை நிறுத்தச் சொன்னார். சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அரை பாட்டில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டார். பையன்களைக் கூப்பிட்டார். மல்லிகா குறுக்கே வந்து நின்றாள். பாபுவின் ஒரு காது மட்டும் எண்ணெயில் மாட்டியது.

ஒன்பதே காலுக்குப் பார்க் வாசல். எங்கள் வீட்டிலிருந்து சரியாகத் தொண்ணூற்றேழு கிலோமீட்டர். வேன் நிறுத்த முப்பது ரூபாய் என்று ஒருவர் சீட்டைக் கிழித்தார்.

"வண்டி சும்மா நிக்கிறதுக்கு முப்பது ரூவாயா?" என்று மச்சான் கொதித்துப் போனார். "பாய், நீங்க போயிட்டு சாயந்தரம் அஞ்சு மணிக்கு வாங்க."

"செத்த யோசிங்க அண்ணாச்சி. வண்டி இங்கன நின்னா சாமான் எல்லாம் வண்டிலயே கெடக்கும்லா" என்றார் காஜா பாய்.

"நாங்க பாத்துக்கிடுதோம்."

மதுரையில் காஜா பாயின் அக்கா வீடு இருந்தது. அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் நாங்கள் விலைப்பலகையைப் பார்த்தோம். பழைய விலையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, 'சீசன் கட்டணம்' என்று எழுதியிருந்தது. பெரியவர்களுக்குத் தொண்ணூறு, நாலேகால் அடிக்குக் கீழே இருந்தால் அறுபது. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. பை வைக்கும் லாக்கருக்கு இருபது ரூபாய், முன்பணம் ஐம்பது.

வேன் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எண்ணினால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துக் கையில் ஐந்நூற்றுப் பத்து. பெரியவர்கள் மூன்று, பிள்ளைகள் நாலு. ஐந்நூற்றுப் பத்தேதான் வந்தது. லாக்கருக்கு வழியில்லை, புளியோதரைக்கும் உள்ளே இடமில்லை. அதை அப்புறம் யோசிக்கலாம் என்று உயரம் பார்க்கும் கம்பத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினோம்.

மச்சானின் மூத்தவன் செந்திலுக்குப் பத்து வயது, நாலேகால் அடிக் கோட்டுக்கு ஒரு விரல் கீழேதான் வருவான். கொஞ்சம் தளர்ந்து நின்றிருந்தால் போதும். ஆனால் அவனைப் பட்டாளத்தில் சேர்ப்பதற்காக மச்சான் மூன்று வருஷமாகக் காலையும் மாலையும் கதவு நிலையில் நிறுத்தி உயரம் பார்த்து வந்தார். உயரம் பார்க்கும் கம்பத்தைக் கண்டால் அந்தப் பையனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. குதிகாலைச் சேர்த்தான், நெஞ்சை நிமிர்த்தினான், கழுத்தை நீட்டினான், மூச்சை இழுத்துப் பிடித்தான். கோட்டைத் தாண்டி ஒரு விரல் மேலே போய்விட்டான்.

"எறங்கி நில்லுலே!" என்று மச்சான் பல்லைக் கடித்தார்.

"நேரா நில்லுன்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க?" என்றான் அவன், கழுத்தை இறக்காமலே.

முழு டிக்கெட். முப்பது ரூபாய் துண்டு விழுந்தது. வேன் பணத்தைத் தொடக் கூடாது என்பதில் நானும் மச்சானும் ஒரே கட்சி. ஒரு பெரியவர் வெளியே நின்றால் முப்பதும் சரியாகிவிடும், பையும் சாப்பாடும் பத்திரமாக இருக்கும், அறுபது ரூபாய் மிச்சமும் ஆகும். இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

"ஏட்டி மல்லிகா" என்று ஆரம்பித்தார் மச்சான். "ஒனக்குத் தல சுத்தும்லா? அந்த வேப்பமரத்தடியில செத்த நேரம் இரு. நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்திருதோம்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். நேராக வாசல் காவலரிடம் போய், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒடம்பு பூரா எண்ணெய் தேச்சிட்டு வந்தவியள உள்ள விடுவியளா?"

காவலர் அதுவரை மச்சானைக் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தார். ஒன்பதரை மணி வெயிலில் மச்சான் புதுப் பித்தளைக் குடம் மாதிரி மின்னிக்கொண்டு நின்றார். இடுப்பில் துண்டு, கையில் சீயக்காய்ப் பொட்டலம்.

"சார், எண்ணெயோட தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது. கேட்டுக்கு உள்ளயே வரக் கூடாது."

"அருவின்னு போட்டிருக்கியள்லா?" என்றார் மச்சான்.

"அது மோட்டார் சார்."

மச்சான் நோட்டீஸைக் காட்டினார், பட்டாளத்து அடையாள அட்டையைக் காட்டினார், சுட்டுவிரலையும் காட்டினார். காவலர் மசியவில்லை. மல்லிகா அண்ணன் பக்கத்தில் போய், மூன்று பைகளையும் தூக்குவாளியையும் ஒவ்வொன்றாக அவர் காலடியில் வைத்தாள்.

"பத்திரமா பாத்துக்கோண்ணே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உள்ளே போனோம். அலைக்குளம் நன்றாக இருந்தது. செயற்கை அருவி எங்கள் மில் கொதிகலன் குழாய் உடைந்தது மாதிரி கொட்டியது. கோப்பைக்குள் உட்காரவைத்துச் சுற்றும் ஒன்றில் எனக்குத்தான் தலை சுற்றியது, அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. டீ எட்டு ரூபாய், ஒரு தட்டு எலுமிச்சைச் சாதம் இருபத்தைந்து. அந்தத் தட்டைக் கண்ணால் மட்டும் சாப்பிட்டுவிட்டு நின்றபோது பின்பக்கக் கம்பிவேலியில் ஒரு விசில் கேட்டது. மச்சான். மந்தார இலையில் கட்டிய ஆறு பொட்டலம் புளியோதரையைக் கம்பி இடைவெளியில் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். "எல்லைல இப்படித்தான் மாப்ளே சப்ளை வரும்" என்றார். அந்தப் புளியோதரையின் ருசிக்காக அவரை எதற்கும் மன்னிக்கலாம்.

மூன்று மணிக்கு ராட்டினம். ஆறு பேர் ஒரே கூண்டில் ஏறினோம். மல்லிகா எனக்கு எதிரில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் சுற்றில் கண்ணைத் திறக்கவே இல்லை. தேன்மொழிதான் "அம்மா, பாரும்மா" என்று தொடையைக் கிள்ளினாள். இரண்டாவது சுற்றில் உச்சிக்குப் போனதும் ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றது.

அங்கிருந்து மதில் சுவருக்கு வெளியே தென்னந்தோப்பு தெரிந்தது. தோப்புக்குள் ஒரு பம்புசெட். குழாய்க்குக் கீழே, சீயக்காய் நுரையோடு, யாரோ ஒருவர் கையை விரித்துக் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தை வைத்தே மச்சான் என்று தெரிந்தது. எங்கள் பைகள் மூன்றும் தொட்டிச் சுவரில் வரிசையாக இருந்தன. ஒரு ஆடு முதல் பைக்குள் தலையை விட்டிருந்தது.

எனக்குப் பதறிவிட்டது. "மல்லிகா, அங்க பாரு! பையில ஆடு!"

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை, முந்தானை காற்றில் பறந்தது.

"எந்தப் பை?" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஐந்து மணிக்கு வாசலில் மச்சான் தலை சீவி, சந்தனம் வைத்து, எங்கள் எல்லாரையும்விடப் புத்துணர்ச்சியோடு நின்றார். "ஓசியில ஒரு தீம் பார்க் பாத்தாச்சு மாப்ளே" என்று தோப்புக்காரருக்குப் பால்கோவா கொடுத்த கதையை வழி நெடுகச் சொல்லி வந்தார். ஆடு பாபுவின் மாற்று டிராயரில் பாதியைத் தின்றிருந்தது. வேன், பேட்டா, டிக்கெட், டீ எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கடுத்த ஆடிப்பூரத்துக்கு மல்லிகா யாரிடமும் கேட்காமல் ராட்டினத்தில் ஏறினாள். மச்சான் கீழே நின்றார், கையில் அவள் செருப்பு.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போன வருஷம் போனவர் சொன்ன விலையை நம்பாதீர்கள், கிளம்புமுன் நீங்களே விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு வயதா உயரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் காசில் மிச்சம் பிடிக்கப் போய் நாள் முழுக்கச் சாமான் சுமக்காதீர்கள். முக்கியமாக, லாக்கருக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பிறகு டிக்கெட்டைக் கணக்குப் பண்ணுங்கள். சாதாரணக் குடும்பங்களுக்கு விலை ஏற ஏற முதலில் வெட்டு விழுவது ஒரு ஆளின் டிக்கெட்டில்தான். அந்த ஆள் யார் என்று யாரும் கேட்பதில்லை, எல்லா வீட்டிலும் ஏற்கனவே தெரியும்.

எங்கள் வீட்டிலும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். போனில் மகன், "ஆறு பேருக்குப் போட்டா ரொம்ப ஆகுதுப்பா, யாராச்சும் ஒரு ஆள் வெளிய இருந்தா நல்லா இருக்கும்" என்று இழுத்தான். மல்லிகா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அஞ்சு போடுலே. உங்கப்பாவுக்குத் தல சுத்தும். வெளிய இருந்து பையப் பாத்துக்கிடுவாவ."

மகன் சொன்ன கோயம்புத்தூர் பார்க்குக்குப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால், வாசலுக்கு வெளியே நிழல் எந்தப் பக்கம் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பக்கத்தில் பம்புசெட் இருக்கிறதா என்பதும் தெரிந்தால் நல்லது.