நீ நில்லு, நான் போறேன்

மூலக்குளம் வீட்டில் நானும் அம்மாவின் தம்பியான மாமாவும் ஒரு வீடியோ கேமில் ஊறிக் கிடந்தோம். இருவர் சேர்ந்தே ஆட வேண்டிய கேம். சிவப்புப் பொம்மை நான், நீலப் பொம்மை மாமா. ஒருவர் பலகையை மிதித்துக்கொண்டு நின்றால்தான் கதவு திறக்கும். மற்றவர் உள்ளே போய் இவருக்கு வழி செய்ய வேண்டும். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரரும் தனியாக ஓர் அறையைத் தாண்ட முடியாது. கடைக்குப் போகச் சொன்னால் காது கேட்காத மாமா, அந்தப் பலகைமேல் மட்டும் எனக்காக எவ்வளவு நேரமும் நிற்பார். எனக்கு அந்த ஆட்டம் பிடித்ததே அதற்காகத்தான். "நீ நில்லு, நான் போறேன்" என்பதுதான் நாள் முழுக்க எங்கள் பேச்சு.

தாத்தா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையால் மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சேரக் கிளம்பினார். காரில் ஏறும்போது என் கன்னத்தைக் கிள்ளி, பழக்க தோஷத்தில், "நீ நில்லு, நான் போறேன்" என்றார். அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"போயிட்டு வரேன்னு சொல்லுடா!" என்று காரின் பின்னாலேயே ஓடினாள். மாமா சிரித்தபடி கையாட்டினார். கார் திரும்பிவிட்டது.

அதன் பிறகு ஃபோனே இல்லை. பயிற்சியில் இருப்பான் என்றார் அப்பா, தேவைக்கு மேல் தணிந்த குரலில்.

ஒரு மத்தியானம் தனியாக டிவியைப் போட்டேன். மாமாவின் கன்ட்ரோலரைக் காணவில்லை. எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்தேன். என் பொம்மையைப் பூட்டிய கதவுவரை நடத்திவிட்டு, வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது நீலப் பொம்மை நகர்ந்தது. பள்ளத்தில் விழுந்தது, மறுபடி முளைத்தது, தடுமாறித் தடுமாறிப் பலகைமேல் ஏறி நின்றது. கதவு திறந்தது.

மாமா பள்ளத்தில் விழவே மாட்டாரே! செத்தவர்களுக்குக் கை சரியாக வராது போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். 'போறேன்' என்றவர் போயே விட்டார்.

"மாமா?" என்றேன். பொம்மை ஒரு குதி குதித்தது.

அம்மாவைத் தேடி அலறிக்கொண்டு ஓடிச் சமையலறைத் திரைச்சீலையை விலக்கினேன். அதன் இடுக்கு வழியே டிவியைப் பார்த்தபடி அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் மாமாவின் கன்ட்ரோலர்.

பயம் போய்க் கோபம் வந்தது. டிவியை அணைக்கப் போனேன்.

"அணைக்காதடி," என்றாள் அம்மா. அது அவள் குரல் மாதிரியே இல்லை. "அவன் வர்ற வரிக்கும் அது அங்கியே நிக்கட்டும். எறங்கினா கதவு மூடிக்கும்."

"கேம்தானம்மா!" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மாமா ஃபோனில் பேசினார். அங்கே குளிர் என்றார், ரொட்டி பழகிவிட்டது என்றார், என்னவெல்லாமோ சொன்னார். நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, அம்மா கண்ணைத் துடைத்தபடி மறுபடியும் டிவியைப் போட்டு நீலப் பொம்மையைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அத்தனை பேசியவர் ஊருக்கு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாமாதான் நன்றாக இருக்கிறாரே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எரிச்சல்தான் வந்தது.