மணிக் கோபுரத்தின் கீழே கழற்றிய செருப்பு

அரியலூரில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே அப்பாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. சீனாவில் சியான் என்ற பழைய நகரத்தின் நடுவில் இருக்கும் மணிக் கோபுரத்தில் ஏறி நின்று அவர் எடுத்துக்கொண்டது. சிமெண்ட் ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களை அங்கேயே இருந்து சோதித்து அனுப்பும் வேலை அவருக்கு. இரண்டு வருஷம் எனக்கு அப்பா என்றால் போனில் வரும் குரலும் அந்தப் படமும்தான். தினமும் பார்ப்பேன். முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது கோடை விடுமுறைக்கு எங்களை வரவழைத்தார். ஒரு மாதம் இருந்து பார்ப்பது, பிடித்தால் அங்கேயே குடித்தனம், பிடிக்காவிட்டால் அம்மாவும் நானும் மறுபடி அரியலூர் என்பது ஏற்பாடு. முடிவு அம்மா கையில் இருந்தது. எனக்கோ கிடைத்த அப்பாவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. அதனால் எந்நேரமும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரமே நிலைமை மோசம். அம்மா உப்பு என்று நினைத்து வாங்கி வந்து சாம்பாரில் போட்டது சர்க்கரை. பஸ்ஸில் இறங்குகிற வாசல் வழியாக ஏறினாள். யாரும் திட்டவில்லை, சிரித்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எங்க போனாலும் கோமாளி மாதிரி நிக்கிறேங்க. நான் வூட்டுக்கே போயிடறேன்" என்று எட்டாம் நாள் சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "நாளைக்குக் காலைல கோபுரம் பாத்துட்டு வந்துடலாம். அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

நான்கு பெரிய வீதிகள் வந்து சேரும் இடத்தில், உயரமான செங்கல் மேடையின் மேல், பச்சை ஓடு வேய்ந்த கூரைகளோடு நின்றது கோபுரம். அம்மா கோயில் ஊரான திருமழபாடிக்காரி. கோபுரம் என்றால் அவளுக்குக் கோயில்தான். அப்பா அந்தக் கோபுரத்தின் கதையைச் சொன்னார். "இதுல மணி. அதோ தெரியுதே, அதுல முரசு. அந்தக் காலத்துல காலைல மணியடிப்பாங்க, சாயந்தரம் முரசு அடிப்பாங்க."

மணி, முரசு, இரண்டு வேளை. அதற்கு மேல் அம்மாவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. படிக்கட்டின் அடியில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். நானும் கழற்றினேன். அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து பூட்ஸின் லேஸை அவிழ்த்தார். சாக்ஸையும் உருவி உள்ளே செருகினார்.

காவலாளி ஒருவர் வேகமாக வந்தார். அப்பா தாழ்ந்த குரலில் சீனத்தில் ஏதோ சொன்னார். காவலாளி அம்மாவைப் பார்த்தார், மூன்று ஜோடியையும் பார்த்தார், தலையாட்டினார்.

"என்னங்க சொல்றாரு?"

"பத்திரமா பாத்துக்கிறாராம்."

காலைக் குளிரில் படிகள் சில்லென்றிருந்தன. எங்களைத் தாண்டிப் பத்துப் பதினைந்து பேர் ஷூவோடு ஏறிப் போனார்கள். அம்மா அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வெளியூர்க்காரங்க போல. பாவம், தெரியாதுல்ல." அந்த ஊருக்கு வந்து ஒன்பது நாளில் அம்மா மற்றவர்களை மன்னித்தது அதுதான் முதல் தடவை. மேலே பெரிய மணியைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவும் போட்டுக்கொண்டார். மூவரும் கைகோத்துக் கோபுரத்தை வலமாக ஒரு சுற்று வந்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இறங்கி வந்தால், எங்கள் செருப்புகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பக்கத்திலேயே காவலாளி நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அன்று அம்மாவும் சிரித்தாள்.

"டோக்கன்கூட குடுக்கல. ஆனா எவ்வளவு பொறுப்பா பாத்துக்கிட்டாரு பாருங்க. நல்ல சனந்தாங்க" என்றாள். முரசுக் கோபுரத்துக்கும் வெறுங்காலோடுதான் ஏறினோம். அன்று சாயந்தரம், "பாப்பாவுக்கு இங்க பள்ளிக்கூடம் எப்படிங்க?" என்று அவளே பேச்செடுத்தாள்.

மூன்று வருஷம் அங்கே இருந்தோம். எத்தனையோ தடவை அந்தக் கோபுரங்களுக்குப் போனோம், ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான். அதுதான் அந்த ஊர் மரியாதை, ஷூவோடு ஏறுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நான் பள்ளியில்கூட அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அரியலூர் வீட்டுக்கு வெள்ளையடிக்க அந்தப் படத்தைக் கழற்றினேன். தூசியைத் துடைக்கும்போதுதான் என் கண் அப்பாவின் முகத்தைவிட்டுக் கீழே இறங்கியது. கோபுரத்தின் மேல், மணிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் காலில் கறுப்பு பூட்ஸ். லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது.

படத்தோடு அடுப்படிக்கு ஓடினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் குட்டை உடைக்கப்போகிற உற்சாகம் எனக்கு. அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"இப்பதான் பாக்குறியா? மொத வருசம் பொங்கலுக்கு நாம ஊருக்கு வந்தப்பவே நான் பாத்துட்டேன்."

"அப்புறமும் ஏம்மா ஒவ்வொரு தடவையும் கழட்டுன?"

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்பா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான் கழட்டலன்னா, எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவரு சங்கடப்படுவாருல்ல. போ, படத்த இருந்த எடத்துலயே மாட்டு."