கடைசியாகச் சாப்பிட்டவர்

அம்மாவின் ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுவதைக் கண்டதும் அண்ணியைத்தான் சந்தேகப்பட்டேன்.

வவுனியா, மன்னார் என்று வேலை கிடைத்த இடமெல்லாம் போகிறவன் நான். அப்புத்தளைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவேன். அண்ணனுக்குக் கொழும்பில் கடை வேலை. அண்ணி கொழுந்து பறிக்கப் போய்விடுவார். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடுப்பையும் அம்மாதான் பார்த்துக்கொண்டார்.

மாவு டப்பாவைத் திறந்தேன். பாதிக்கு மேல் இருந்தது. கறிச்சட்டியையும் திறந்தேன்.

“ஊரச் சுத்திட்டு வந்து எஞ்சட்டியத் தொறந்து பாக்குறீங்களா? ஒங்கம்மாவப் பட்டினி போடுறேன்னு நெனப்பா?” என்றார் அண்ணி.

“அம்மா சாப்புடுறத நீங்க பாத்திருக்கீங்களா?”

அண்ணி சட்டியை வாங்கி மூடினார். அவர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. யாருக்கும் பற்றாமல் போய்விடக்கூடாது என்று, எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவது அம்மாவின் வழக்கம்.

அன்று நான் எழுந்து போகவில்லை.

“போய்ப் படேன்டா. என் வாயவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க” என்று அம்மா விரட்டிப் பார்த்தார். பிறகு ரொட்டியைத் தேநீரில் கரைத்து, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து இறக்கினார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மிச்சத்தை நாய்க்குப் போட்டார். சத்தமில்லாமல் அவர் துடைத்த விதத்திலேயே இது பழகிப்போன வேலை என்று தெரிந்தது.

பதுளை ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் வந்தார்.

“எவ்வளவு காலமா விழுங்க முடியல?” என்று டொக்டர் கேட்டார்.

“இப்பதாங்க ஐயா, ரெண்டு நாளா.”

“பொய் சொல்றாங்க சார். தீபாவளி முறுக்கையே இவங்க தொடல” என்றார் அண்ணி.

எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, பயாப்சிக்கும் (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டொக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். மெதுவாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

“சுத்தி வளைக்காம சொல்லுங்க சார்.”

உணவுக்குழாயில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தால் நேராக உணவு கொடுக்கலாம், வலியைக் குறைக்கலாம் என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரோடு ஒரு வேளையாவது உட்காருங்கள். பசியில்லை என்றால் நம்பாதீர்கள்.

குழாயோடு வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா மாறவில்லை. அண்ணி கஞ்சியோடு வந்தால், “புள்ளைங்க தின்னுச்சா?” என்பார்.

“தின்னாச்சு அத்த.”

அம்மா பேத்தியைக் கூப்பிட்டு விரல்களை முகர்ந்து பார்த்தார். “கறி வாசமே இல்ல, கை கழுவுன சவர்க்கார வாசந்தான் வருது. யாருகிட்ட ஏமாத்துற?”

அண்ணி சிரித்துவிட்டார். பிள்ளைகளை அம்மாவின் கண்ணெதிரே உட்காரவைத்துச் சோறு போட்டார். அவர்கள் கை கழுவிய பிறகுதான் கஞ்சி குழாயில் இறங்கியது. அந்த வருஷத்து அடைமழை ஓயுமுன் அம்மா போய்ச்சேர்ந்தார்; அதுவரை அப்படித்தான் நடந்தது.

இப்போது பண்டாரவளைக் காய்கறிச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிறேன். கடையில் சாப்பிடும்போது ஒவ்வொரு கவளமும் நெஞ்சுக்குள் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று கவனிக்கிறேன். என் தொண்டையையும் நான் நம்புவதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போய், வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.